'கொண்டான்' என்றால் வென்றானா? 'கொள்' என்ற வினையின் பொருள், வேர், வழக்கு: முழுமையான வழிகாட்டி

உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் குடவோலைதான் ஞாபகம் வரும். ஆனால் அது தேர்தலில் தொடங்கவில்லை. "மதிரை கொண்ட கோப்பரகேசரி வன்மர்க்கு யாண்டு பதினாலாவது நாள் பதினாறு" என்று ஓர் அரசனில் தொடங்குகிறது. ஒருமுறை கூட வந்த நண்பர் இதை "சோழன் மதுரையை வென்று 14 ஆண்டு ஆனபோது" என்று விளக்கிக்கொண்டு வந்தார். முதல் தப்பு சின்னது: 14 என்பது இங்கே கோப்பரகேசரி என்ற பட்டப்பெயரால் வரும் முதலாம் பராந்தகன் 907-இல் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு, ஆகவே இது 921-ஐ ஒட்டியது. இரண்டாவதைத் தப்பு என்றே பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'கொண்ட' என்ற இடத்தில் 'வென்ற' என்று போட்டுப் படித்தார்.

கல்வெட்டு எழுதியவனுக்கு 'வெல்' என்ற சொல் தெரியாமலில்லை. அதை விட்டுவிட்டு 'கொள்' போட்டான். அந்த ஒரு வினையை எப்படிப் படிப்பது, இன்று எங்கே எழுதுவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எழுத்தைச் சரியாகப் பிடியுங்கள்

பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. கொ, கோ இரண்டும் ஒரே வடிவம்தான். ஆகவே மேலே சொன்ன தொடக்கம் கல்லில் ஏறக்குறைய 'மதிரைகொணடகொபபரகெசரி' என்று ஒரே ஓட்டமாக நிற்கும். முதல் 'கொ' குறில், இரண்டாவது 'கோ' என்னும் அரசன். நாம்தான் பிரிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கொள் என்பது இறந்த காலத்தில் 'கொண்டு' ஆகும். கொல் என்பது 'கொன்று' ஆகும். ளகர மெய் ண்ட-வாகவும் லகர மெய் ன்ற-வாகவும் திரியும் இந்த வாய்பாடு கையில் இருந்தால் போதும்: ஆள் ஆண்டான், மாள் மாண்டான், கொள் கொண்டான் ஒரு பக்கம், வெல் வென்றான், செல் சென்றான், கொல் கொன்றான் இன்னொரு பக்கம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து வருகின்றன: "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று". இங்கே கரிகால சோழன் என்பது இரண்டாம் ஆதித்தன். அவன் பாண்டியனின் தலையைக் கொண்டவன்; அவனைச் சிலர் கொன்றார்கள். ண-வையும் ன-வையும் குழப்பினால் கதையே தலைகீழ்.

படி 2: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொள் என்பதன் அடிப்படைப் பொருள் போர் அல்ல. ஒன்றை எடுத்துத் தன்னுடையதாக்குவது, தனக்குள் அடக்குவது. அதனால்தான் கடைக்காரர் செய்வது கொள்முதல், பாத்திரம் கொள்கலன், மனதில் பிடித்து வைத்திருப்பது கொள்கை, தண்ணீரைத் தாங்கி வரும் மேகம் கொண்டல். தெலுங்கில் 'கொனு' என்றால் இன்றும் வாங்குவதுதான். மலையாளத்தில் 'கொள்ளாம்' என்றால் 'பரவாயில்லை, நல்லாயிருக்கு'. அதாவது எடுத்துக்கொள்ளலாம் என்ற தரத்தில் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் தமிழிலும் இதைக் கேட்கலாம். கன்னடத்தில் நம் கல்வெட்டு வழக்கு அப்படியே உண்டு: 1116-ஐ ஒட்டிச் சோழர்களிடமிருந்து தலைக்காட்டைப் பிடித்த போசள (ஹொய்சள) அரசன் விட்டுணுவர்த்தனனின் பட்டம் 'தலகாடுகொண்ட'. மதுரை கொண்டவர்களின் வழிவந்தவர்களிடமிருந்தே ஓர் ஊரை ஒருவன் கொண்டு, அதே வினையைச் சூட்டிக்கொண்டான்.

எடுப்பது எப்படிப் போரானது? என் கணக்கில் மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். செங்கம் பக்கத்து நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'தொறுக் கொண்ட ஞான்று'. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை ஒரு கூட்டம் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய் இன்னான் 'பட்டான்', அதாவது செத்தான், என்று கல் சொல்லும். இங்கே கொள் என்றால் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல்: மாடு அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது. சங்க இலக்கியத்தில் 'கொண்டி' என்றால் பகைவரிடம் எடுத்த பொருள். கொள்ளை என்ற சொல்லும் இந்த வேர்தான். மந்தையிலிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து நாட்டுக்கு என்று அது வளர்ந்ததாக எனக்குப் படுகிறது.

கோட்டைக்கு வள்ளுவரே சாட்சி. "கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி அகத்தார் நிலைக்கெளிதாம் நீரது அரண்" என்பது 745-ஆம் குறள். ஒரே அடியில் கொள் இரண்டு முறை வருகிறது. 'கொளற்கு அரிது' என்பதில் வெளியே நிற்கும் பகைவன் கோட்டையைப் பிடிப்பது. 'கொண்ட கூழ்த்து' என்பதில் உள்ளே இருப்பவன் சோற்றுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்திருப்பது. முற்றுகை என்பதே இந்த இரண்டு 'கொள்'களுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதானே.

படி 3: வெல், கொள்: எதிர்ச்சொல்லை வைத்துப் பிரியுங்கள்

சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். வெல் என்பதற்கு எதிர் தோல், அதாவது தோற்பது. கொள் என்பதற்கு எதிர் கொடு.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 45-ஆம் பாட்டில் "இருவீர் வேறல் இயற்கையும் அன்றே" என்கிறார். இரண்டு பேரும் வெல்வது உலகத்தில் இல்லை. ஒருவர் தோற்றே ஆக வேண்டும், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்பது வாதம். அதில் யார் எந்த ஊரை எடுத்தார் என்ற பேச்சே இல்லை. வெல்வது ஆளுக்கும் ஆளுக்கும் நடப்பது. கொள்வது ஆளுக்கும் பொருளுக்கும் நடப்பது. வாதத்தில் வெல்லலாம், வாதத்தைக் கொள்ள முடியாது.

முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதி, இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கிறது. 'திருமகள் போல' என்று தொடங்கி, காந்தளூர்ச் சாலை கலமறுத்ததைச் சொல்லி, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம், ஈழமண்டலம், இரட்டபாடி ஏழரை இலக்கம் என்று அடுக்கிவிட்டு "திண்டிறல் வென்றித் தண்டாற் கொண்ட" என்று முடிச்சுப் போடுகிறது. தண்டு என்றால் இங்கே தடி அல்ல, படை. வென்றி படைக்கு அடைமொழி. கொண்டது நாடுகளை. வெல்லும் படையால் கொண்டான். வெற்றி வழி, கொள்ளுதல் முடிவு. நாம் 'வென்ற நாடுகள்' என்று எழுதும்போது வழியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவை நழுவ விட்டுவிடுகிறோம்.

('கலமறுத்து' என்றால் கப்பலை அழித்ததா, வேறா என்று அறிஞர்கள் நீண்ட நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்குள் போனால் இன்று வீடு திரும்ப முடியாது.)

படி 4: என்னத்தைக் கொண்டான் என்று கேளுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். கொள் செயப்படுபொருள் குன்றாத வினை. பொருள் மாறினால் கொள்ளுதலின் தன்மையே மாறும்.

ஊர் என்றால் பிடித்தான். சாளுக்கியர் தலைநகரான வாதாபி கொண்ட பல்லவன் நரசிங்கப் போத்தரையன், மதிரை கொண்ட பராந்தகன் இருவரும் இந்த வகை.

தலை என்றால்? 10-ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் 'சோழன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். பிறகு இரண்டாம் ஆதித்தன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். பட்டத்துக்குப் பட்டம், பழிக்குப் பழி. ஆதித்தன் விஷயத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு, வெட்டிய தலையைத் தன் ஊரில் கம்பத்தில் ஏற்றியதாகவே சொல்கிறது. சரி, அப்படியானால் தலைகொள் என்றால் எப்போதும் வெட்டுவதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருநூறு ஆண்டு கழித்து மூன்றாம் குலோத்துங்கன் 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்று எழுதுகிறான். அந்தப் பாண்டியனோ உயிரோடு வந்து பணிகிறான். குலோத்துங்கன் அவன் முடிமேல் கால் வைத்ததாகத்தான் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. அங்கே கொண்டது தலையின் மதிப்பை. ஒரே தொடர், ஒருவனுக்கு உயிர் போனது, இன்னொருவனுக்கு மானம் போனது.

முடி என்றால் கிரீடம். இதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராஜசிம்மன் ஈழத்துக்கு ஓடி, தன் முடியையும் அரச சின்னங்களையும் அங்கே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். அதை எடுக்கப் பராந்தகன் ஈழத்துக்குப் படை அனுப்பினான். ஈழத்தரசன் அவற்றோடு தெற்கே ரோகணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள, படை வெறுங்கையோடு திரும்பியது. ஆனாலும் பராந்தகனின் பிற்காலக் கல்வெட்டுகள் 'மதிரையும் ஈழமும் கொண்ட' என்கின்றன! ஈழம் கொண்டவனால் ஈழத்தில் இருந்த முடியைக் கொள்ள முடியவில்லை. பேரனின் பேரன் காலத்தில், முதலாம் இராஜேந்திரன் அதை எடுத்தான். அவன் மெய்க்கீர்த்தி "முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்" என்று, அடகு வைத்த நகையை மீட்டவர் பட்டியல் படிப்பதுபோல் சொல்கிறது. முன்னவர் என்பது ஈழத்தரசர், தென்னவர் என்பது பாண்டியர். இப்படி அடுக்கி அடுக்கிக் கடைசியில் 'மாப்பொரு தண்டாற் கொண்ட கோப்பரகேசரி' என்று அதே வினையில் வந்து நிற்கும். நாட்டின் பெயரும் நகையின் பெயரும் ஒரே பட்டியலில் ஒரே வினைக்குக் கட்டுப்பட்டு வருவதைப் பார்த்தால், கொள் என்ற சொல் ஏன் அவர்களுக்கு வசதியாக இருந்தது என்று புரியும்.

கடைசியாக நீர். கங்கை கொண்ட சோழன் கங்கைச் சமவெளியைப் பிடித்து ஆண்டவன் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. அவன் கொண்டது கங்கை நீர். திருவாலங்காட்டுச் செப்பேட்டின்படி வடக்கே போனது அவன் படைத்தலைவன். அரசன் கோதாவரிக் கரையில் காத்திருந்து எதிர்கொண்டான். அந்த நீரைக் கொண்டு சோழகங்கம் என்ற ஏரியை 'நீரால் ஆன வெற்றித் தூண்' என்று அமைத்ததாகச் செப்பேடு சொல்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இன்று பொன்னேரி என்கிறார்கள். 'கங்கை வென்ற' என்று எழுதினால் இந்த ஏரிக்கே இடமில்லாமல் போகும். ஆற்றை எப்படி வெல்வது? எடுத்துக்கொண்டு வரலாம்.

படி 5: கொண்டதை வைத்திருந்தானா?

கொண்டான் என்ற சொல் ஆண்டான் என்று சத்தியம் செய்வதில்லை. வாதாபி 642-இல் விழுந்தது. 655 வாக்கில் சாளுக்கியர் மீட்டுவிட்டார்கள். 'வாதாபி கொண்ட' என்ற பட்டம் மட்டும் திரும்பிப் போகவில்லை. பல்லவ ஆட்சி ஓய்ந்த காலத்தில்கூட, முதலாம் ஆதித்தனின் திருக்கழுக்குன்றம் கல்வெட்டு நரசிங்கனை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறது.

எனவே பட்டத்தைப் பார்த்ததும் மூன்று சோதனை செய்து பாருங்கள். கொண்டதாகச் சொல்லும் மண்ணில் அவன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டு உண்டா? அந்த நாட்டுக்கு அவன் புதுப்பெயர் வைத்தானா? அங்கே தன் ஆளை உட்கார வைத்தானா?

ஈழம் இராஜராஜன் காலத்திலேயே இதில் தேறிவிடுகிறது: மும்முடிச் சோழமண்டலம் என்ற பெயர், பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்ற பெயர், அந்த மண்ணிலேயே சோழர் கல்வெட்டுகள். பாண்டிநாடும் தேறும்: இராஜராஜப் பாண்டிமண்டலம் ஆனது, பிறகு இராஜேந்திரன் தன் மகனையே சோழபாண்டியன் என்று மதுரையில் அமர்த்தினான். கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) தேறாது. 1025-ஐ ஒட்டி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" அரசனைப் பிடித்தார்கள், செல்வத்தை எடுத்தார்கள், திரும்பினார்கள். அங்கே மண்டலப் பெயர் மாறவில்லை. ஆனாலும் கடாரம் கொண்டான் என்பது பொய்யல்ல. மந்தையை ஓட்டிக்கொண்டு போனவனும் கொண்டவன்தானே, மேய்ச்சல் நிலத்தை அவன் கேட்கவில்லை.

சில பட்டங்களில் கொஞ்சம் காற்றும் உண்டு. 949-இல் தக்கோலத்தில் சோழரை முறியடித்த இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' ஆனான். கச்சி என்றால் காஞ்சி. அவன் பெயரில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் தொண்டை மண்டலத்தில்தான் கிடைக்கின்றன. கச்சி சரி. தஞ்சையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கொள் என்பதற்கு எதிர் கொடு என்று சொன்னேன் அல்லவா, அதைக் கல்லிலேயே காட்டியவன் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1216-இல் பட்டமேறியவன், சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்தான். 'சோணாடு கொண்டு முடிகொண்ட சோழபுரத்து வீராபிஷேகம் பண்ணியருளிய' என்று அவன் கல்வெட்டுகள் பேசும். சோழன் முடி கொண்டதன் நினைவாகப் பெயர் பெற்ற ஊரில் பாண்டியன் நீராட்டிக்கொண்டான். ஊரைத் தெரிந்தேதான் தேர்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். பிறகு நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்தான். உடனே பட்டம் 'சோணாடு வழங்கியருளிய' என்று ஆனது. எடுத்ததைவிடக் கொடுத்ததுதான் பெரிய இடி. கொடுக்க வேண்டுமென்றால் அது முதலில் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த 'அருளிய' வெறும் மரியாதைத் துணைவினை. கொண்டருளினார் என்றால் 'எடுத்துக்கொண்டாரு' என்பதன் அரண்மனைப் பேச்சு. அதில் கருணை ஒன்றும் இல்லை.

படி 6: அரசன் வரியோடு நிறுத்தாதீர்கள்

பட்டம் முடிந்து கீழே இறங்கினால் அதே வினை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்யும். கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க யாரோ 'சாவா மூவாப் பேராடு' 96 விட்டிருப்பார்கள். சாகாத, கிழடாகாத ஆடு என்றால் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆடு என்று அர்த்தம். அந்த ஆடுகளைக் கைக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மேலே மன்னன் மதுரை கொண்டான், கீழே இடையன் ஆடு கொண்டான். நில விற்பனை ஆவணம் என்றால் விலைகொண்டு விற்றோம் என்பார்கள். பழகும்வரை இரண்டையும் சேர்த்தே படியுங்கள்; கொள் என்பது வாளின் சொல் அல்ல, கையின் சொல் என்பது காதில் ஏறிவிடும்.

சைவத்தில் இது இன்னொரு திருப்பம் எடுக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் சிவன் சுந்தரரைத் 'தடுத்தாட்கொண்டார்'. அடிமை ஓலையைக் காட்டி, வழக்காடி, ஆளையே எடுத்துக்கொள்வது. வாளில்லாமல் ஒரு கொள்ளுதல், கொள்ளப்பட்டவருக்கும் சந்தோஷம்.

படி 7: ஊர்ப்பெயர்களில் கேளுங்கள்

திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், அரியலூர்ப் பக்கம் ஜயங்கொண்டம், காவிரிப் பாசனத்தில் முடிகொண்டான் ஆறு, டெல்டாவில் கடாரங்கொண்டான். பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கும் பெயர்கள். ஜயங்கொண்டம் கொஞ்சம் வேறு: அங்கே கொண்டது ஊரையல்ல, ஜயத்தையே. தொண்டைநாடும் ஒரு காலத்தில் ஜயங்கொண்ட சோழமண்டலம் என்றே பெயர் பெற்றது. 'முடிகொண்டான்' என்பதில் இரண்டு பொருளுக்கு இடம் உண்டு: பிறர் முடியை எடுத்தவன், தான் முடி சூடியவன். இராஜேந்திரனுக்கு இரண்டும் பொருந்தும், அதனால் யாரும் அடித்துக்கொள்வதில்லை.

படி 8: நீங்கள் எழுதும்போது

இன்றைய உரைநடையில் கொள் போர்க்களத்தை விட்டுப் போய்விட்டது. "படை நகரத்தைக் கொண்டது" என்று எழுதினால் படிப்பவர் 'எங்கே கொண்டு போனது?' என்பார். நகரத்துக்குக் கைப்பற்றியது, பிடித்தது. விருப்பமில்லாத மண்ணில் உட்கார்ந்திருந்தால் ஆக்கிரமித்தது. போருக்கும் போட்டிக்கும் வென்றது. பழைய பட்டத்தைச் சொல்லும்போது மட்டும் கொண்ட என்பதை அப்படியே விடுங்கள், நவீனமாக்குகிறேன் என்று 'கடாரம் வென்ற' என்று திருத்த வேண்டாம்.

ஒற்று விஷயம்: உருபு மறைந்திருந்தால் வலி மிகாது. மதுரை கொண்ட, கங்கை கொண்ட. 'மதுரைக் கொண்ட' என்று எழுதுவது இப்போது நிறையப் பரவிக்கொண்டிருக்கும் பிழை. உருபு வெளியே வந்தால் மிகும்: மதுரையைக் கொண்ட. முன் சொல் மகர ஈறானால் இனமெல்லெழுத்து: கடாரங்கொண்டான். கல்வெட்டில் இதெல்லாம் ஒரே சீராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே பார்த்த 'தொறுக் கொண்ட'வே சாட்சி.

அப்புறம், கொள் செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். போரைவிட்டு வந்து துணைவினையாகக் குடியேறிவிட்டது. எழுதிக்கொள், பார்த்துக்கொள், வைத்துக்கொள் எல்லாவற்றிலும் செயலின் பலன் செய்தவனிடமே வந்து சேர்கிறது; பழைய பொருள்தான், அளவு குறைந்துவிட்டது. பேச்சில் இன்னும் தேய்ந்து 'பேசிக்கிட்டு', 'வச்சுக்கோ', 'பண்ணிண்டு' ஆகிவிட்டது. அடுத்தமுறை யாராவது "பேனாவை நீயே வச்சுக்கோ" என்றால், கடைசியில் வரும் அந்த 'கோ' கொள்தான்.